ஹமாம் முதல் கீசர் வரை

சென்ற ஆண்டு மார்கழித் திங்களில் ஒரு நாள் வைகறையில், எங்கள் இல்லத்துக் குளியலறைச் சுவரில் ஒன்பது ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்த மின் வெந்நீர்க் கலம் அடிப்பக்கம் துருவேறிச் சொட்டத் தொடங்கியது. தில்லிக் குளிரில் கீசர் பழுதாவது எத்தகைய இன்னல் என்பதை இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அழைத்ததும் வந்த மிஸ்திரி, கலத்தை இறக்கி அடிமூடியைக் கழற்றினார். உள்ளிருந்து மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். "பாபுஜி, இது கட்டைவிரற் பருமன் உள்ள கோலாக இருந்தது, முழுவதும் கரைந்துபோய்விட்டது. உரிய காலத்தில் இதை மாற்றியிருந்தால் கலத்தை மாற்ற வேண்டியிராது" என்றார். அப்படி ஒரு கோல் உள்ளே இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கலத்துடன் வந்த சிறு நூலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில், எறும்பு போன்ற எழுத்தில், அது குறிக்கப்பட்டிருந்தது.

அடுப்பில் வைத்து, கண்ணால் பார்த்து, கையால் பதம் அறிந்து வந்த வெந்நீர், கண்ணுக்குப் புலப்படாத மூடிய கலத்துக்குள் எப்படிச் சென்றது? அக்கலத்தை நமக்காகக் கண்காணிப்பது எது? அந்த இரும்புக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

நம் தாயகமாகிய தமிழ்நாட்டில் வெந்நீர் அன்றாடத் தேவையாக இருந்ததில்லை. ஆறும் குளமும் கிணறும் இருக்க, வெந்நீரை நாடியவர்கள் நோயுற்றோரும் முதியோரும் பிள்ளை பெற்ற தாய்மாரும்தாம். இவற்றைத் தவிர்த்தால் எண்ணெய்க் குளியலுக்குரிய நாட்களில் வெந்நீர் வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் மாலை வெந்நீர்த் தவலையைப் புளியிட்டுத் துலக்கி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, நீர் நிரப்பி வைக்கும் வழக்கத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்புக்கு விறகு வாங்கியவர்களும் குறைவே. தென்னை மட்டையும் பாளையும் கொட்டாங்கச்சியும் அதற்குப் போதும். ஆகவே அது செலவில்லாத நெருப்பு. எனினும் ஒருவர் அருகில் அமர்ந்து காத்த நெருப்பு.

தில்லிக்கு வந்த தமிழனை எதிர்கொண்டது வேறொரு வானிலை. சனவரித் திங்கள் இரவுகளில் வெப்பநிலை 7, 8 டிகிரிக்கு இறங்குவது இங்கு இயல்பு. 1935ஆம் ஆண்டு சனவரியில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 0.6 டிகிரி பதிவாயிற்று. மாடித் தொட்டியிலிருந்து இறங்கிவரும் நீர் அந்நாட்களில் கையை மரக்கச் செய்யும். ஊரில் திங்களுக்கு நான்கு முறை தேவைப்பட்ட வெந்நீர், இங்கே நான்கு திங்கள் இடைவிடாமல் தேவைப்பட்டது.

தில்லி மாநகரம் இத்தேவையை நமக்கு முன்பே அறிந்திருந்தது. ஷாஜஹான் காலத்தில் 1639இல் தொடங்கி 1648இல் முற்றுப்பெற்ற செங்கோட்டைக்குள், திவான்-இ-காஸ் மண்டபத்தின் வடபால் ஹமாம் என்னும் குளியல் மாளிகை இருக்கிறது. வெப்பத்தைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்த சொல் அது. தமிழ்நாட்டு இல்லங்களில் அச்சொல் ஒரு குளியல் சோப்பின் பெயராக நுழைந்து, பொருள் அறியாமலே நாவில் பழகிவிட்டது. கோட்டை ஹமாமில் பளிங்குத் தளமிட்ட மூன்று அறைகள்; வெந்நீருக்கும் ஆவிக்கும் உரிய அறையின் மேற்குச் சுவரில் நீரைச் சூடாக்கும் அமைப்பு இருந்தது. குளிப்பவர் நெருப்பைக் காண்பதில்லை. சுவருக்கு அப்பால் விறகிட்டு அதைக் காத்தவர்களை வரலாறும் கண்டதில்லை. நெருப்பைக் கண்ணுக்கு மறைத்து வெந்நீரை மட்டும் நுகரும் வாழ்க்கை அன்று ஓர் அரச குடும்பத்துக்கே உரியதாக இருந்தது. இன்று மாதத் தவணையில் கீசர் வாங்கும் எவருக்கும் அது வாய்த்திருக்கிறது. ஆனால் சுவருக்கு அப்பால் இருந்த ஆட்களுக்கு ஈடாக இப்போது இருப்பவை சில திருகாணிகளும் ஒரு வில்லும் ஓர் உலோகக் கோலுமே.

மாளிகையின் பெயர் நாளடைவில் ஒரு பாத்திரத்துக்கும் வந்தது. வட நாட்டு இல்லங்களில் ஹமாம் என்றும், பம்பாயிலும் புனேயிலும் பம்ப் என்றும், நம்மவர் பலரால் பாய்லர் என்றும் வழங்கப்பட்ட செம்புக் கலம் அது. உருளை வடிவான கலம். நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழல். குழலின் அடியில் இருப்புச் சட்டம். அதன்மேல் அடுப்புக்கரி அல்லது மரச் சில்லுகள். நெருப்பு நடுவில், நீர் சுற்றிலும். சுற்றிலும் நீர் இருப்பதால் வெப்பம் வெளியே வீணாவது குறைவு. ருஷ்ய நாட்டுத் தேநீர்க் கலமாகிய சமோவாரும் இதே அமைப்பினதே.

1950களில் மத்திய அரசுப் பணியேற்று ஜி.டி. எக்ஸ்பிரஸில் தில்லி வந்த என் தந்தையார், முதற் குளிர்காலத்திலேயே சாவ்ரி பஜார் பாத்திரக் கடையொன்றில் ஒரு ஹமாம் வாங்கினார். பின்னாளில் சரோஜினி நகர் எனப் பெயர் மாறிய விநய் நகர்க் குவார்ட்டர்ஸின் பின்கட்டில் அது வீற்றிருந்தது. அதிகாலையில் என் தாயார் அதன் முன்னே மணை போட்டு அமர்ந்து விசிறுவார். நாங்கள் வரிசையில் நிற்போம். அந்தக் கலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் மூடி இறுக்கமானதன்று. நீர் கொதித்தால் ஆவி வெளியேறும். தாளமிடும் மூடியே எச்சரிக்கை மணி. வெடிப்பதற்கு அங்கே வழியில்லை. அதில் மறைந்திருந்த இடர் நீரில் இல்லை, புகையில் இருந்தது. கலத்தைப் பின்கட்டில் வைத்தவரை அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை.

இனி, நாம் கீசர் என்று அழைக்கும் பொருளின் பிறப்புக்கு இலண்டனுக்குச் செல்ல வேண்டும். ஐஸ்லாந்துத் தீவில் கெய்சிர் என்னும் வெந்நீர் ஊற்று உண்டு. பீறிட்டெழுதல் என்னும் பொருளுடைய அந்நாட்டுச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. இலண்டனில் ஓவியப் பூச்சு வேலை செய்துவந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் 1868இல் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்று, அதற்குக் கீசர் எனப் பெயரிட்டார். மேலிருந்து வழியும் தண்ணீர் எரிவாயுச் சுடரின் வெப்பத்தில் காய்ந்து, வெந்நீராகத் தொட்டியில் விழும். அமெரிக்கர் அச்சொல்லை இப்பொருளில் கையாளுவதில்லை. ஆங்கிலேயர் தம் நாட்டில் பெரிதும் கைவிட்டனர். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அதை விடாமல் வைத்திருக்கின்றன. ஐஸ்லாந்தின் ஊற்று ஒன்றின் பெயரைக் கரோல்பாக் மாமியர் நாள்தோறும் உச்சரிப்பது ஒரு விந்தையே!

மாகனின் கருவியில் ஒரு பெருங்குறை இருந்தது. எரிந்த வாயு வெளியேறப் புகைபோக்கி இல்லை. மூடிய குளியலறையிலேயே அது தங்கிற்று. இது ஏதோ பழங்கதை என்று நாம் கடந்துவிட இயலாது. தில்லியிலும் மும்பையிலும் புனேயிலும் ஏறத்தாழ ஒவ்வொரு குளிர்காலத்திலும், சமையல் வாயுவால் இயங்கும் கீசரைச் சன்னல் இல்லாத குளியலறையில் பொருத்திக்கொண்டவர்கள் உயிரிழந்த செய்தியை நாளேட்டில் காண்கிறோம். மாண்டவர்களுள் புதுமணத் தம்பதியரும் சிறுவரும் உளர். உடலில் காயம் இராது. கதவு உட்புறம் தாழிட்டிருக்கும்.

காரணம் எளிது. அடுப்பின் ஓர் எரிவாயைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு வெப்பத்தை வாயுக் கீசர் சில நிமிடங்களில் வெளியிடுகிறது. அதற்கேற்ப அறையின் பிராணவாயுவையும் உண்கிறது. பிராணவாயு குறைந்தால் எரிதல் முற்றுப்பெறாமல் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயு சேர்வதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது சேர்ந்துகொள்கிறது. நிலக்கரிச் சுரங்க விபத்துகளை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், வெடிப்புக்குப் பின் மாண்டவர்களுட் பெரும்பாலோர் தீக்காயத்தால் அன்றி இந்த வாயுவால் மாண்டனர் என்பதை 1896இல் எடுத்துக்காட்டினார். சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கூண்டில் கொண்டுசெல்லும் முறையும் அவர் அறிவுரையால் பரவியதே. நம் குளியலறையில் பறவை இல்லை. தலை சுற்றல் தோன்றும்போது எழுந்து தாழ் திறக்கும் வலிமை கால்களுக்கு இருப்பதில்லை. மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கியவர்களைக் கொன்றதும் இதே வாயுதான். வாயுக் கீசர் வேண்டுவோர் அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனியில் பொருத்தி, நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொணர வேண்டும். என் தாயார் ஹமாமைப் பின்கட்டில் வைத்ததும் இதன் பொருட்டே. வேதியியல் படித்து அவர் அதைச் செய்யவில்லை.

நீரைச் சூடாக்கித் தேக்கி வைக்கும் தானியங்கிக் கலம், நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய எட்வின் ரூட் என்னும் பொறியாளரின் கைவண்ணம். 1889இல் பிட்ஸ்பர்க் நகரில் அவர் அதை உருவாக்கினார். இங்கேதான் மூடி இறுகியது. தேக்கக் கலம் குழாயின் அழுத்தத்துக்கு உட்பட்டது. ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு காற்றழுத்தம் கூடுமாதலால், உயர்ந்த மாடிக் கட்டடங்களின் கீழ்த் தளங்களில் அது கணிசமானது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். காற்றழுத்தத்தின் மூன்று மடங்கில் நீர் 133 டிகிரி வரை கொதியாமல் அடங்கியிருக்கும். வெப்பக் கட்டுப்பாடு பழுதாகிக் கலம் அந்நிலையில் பிளந்தால், அழுத்தம் விலகிய கணத்தில் நீரின் ஒரு பகுதி ஆவியாகும். ஆவியானது நீரைப் போல் 1,600 மடங்குக்கு மேல் இடம் வேண்டும். சுவரும் கூரையும் பெயர்வது அதனால்தான். ஹமாமின் தாளமிடும் மூடிக்கு மாற்றாக இங்கே நமக்கு இருப்பது, சுண்டுவிரல் நீளமுள்ள பாதுகாப்பு வால்வு ஒன்றே. அது சற்றே சொட்டுவதைக் கண்டு, கசிவென்று எண்ணி அடைத்துவிட்ட அன்பர் ஒருவரை நான் அறிவேன். நற்காலம், அவர் மருமகன் பொறியாளர்.

மின்சாரம் நீரைச் சூடாக்க வருவதற்கு ஓர் உலோகம் காத்திருந்தது. செந்தழலாகக் காய்ந்தும் காற்றில் எரிந்துபோகாத கம்பி வேண்டும். நிக்கலும் குரோமியமும் கலந்த அத்தகைய உலோகத்துக்கு ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் 1906இல் காப்புரிமை பெற்றார். மின்சார அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கலம் ஆகிய அனைத்தும் அக்கம்பிக்குக் கடன்பட்டவை. நம் நாட்டில் டார்ஜீலிங்கை அடுத்த சித்ராபோங் நீர்மின் நிலையம் 1897இலும், காவிரியின் சிவசமுத்திர மின்நிலையம் 1902இலும் இயங்கத் தொடங்கின. ஆயினும் விளக்கும் விசிறியும் இயக்க வந்த மின்சாரம் நீரையும் சூடாக்கும் அளவுக்கு மலிந்தது பின்னரே. பண்டித நேரு 1963 அக்டோபர் 22ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணித்த பக்ரா அணையின் மின்சாரம் தில்லிக்கும் வந்தது. குவார்ட்டர்ஸ்களில் பவர் பிளக் என்னும் 15 ஆம்பியர் மின்வாயும் வந்தது. அதன் மூன்று ஊசிகளில் மேலே இருப்பது தடித்தும் நீண்டும் இருப்பதைக் காணலாம். நிலத்தொடர்பு முதலில் சேரவும் கடைசியில் பிரியவும் வேண்டும் என்பதற்காகவே அந்நீளம்.

அந்நாட்களில் எங்கள் இல்லத்துக்கு முதலில் வந்தது கீசர் அன்று, இம்மர்ஷன் ராடு. வாளியில் தொங்கவிட்டுச் சூடாக்கும் அந்தச் சுருள் கம்பி, ஏழை எளியவரின் கீசர் எனத் தக்கது. அதன் உறை பிளந்து நீரில் மின்னோட்டம் பாய்ந்த இல்லங்கள் பல. மின்வாயிலிருந்து கழற்றிய பிறகே நீரைத் தொட வேண்டும் என்பதை என் தந்தையார் சுவரில் எழுதியே ஒட்டிவிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் கீசர் வந்தது. ஹமாம் பரணேறிற்று.

அந்த முதற் கீசரின் உட்கலம் செம்பினாலானது, கனமானது. இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அதை எடைபோட்ட கபாடிவாலா கொடுத்த தொகையைக் கேட்டு என் தாயாரே வியந்தார். செம்பின் விலை ஏற ஏற, எஃகு அதன் இடத்தைப் பிடித்தது. எஃகு துருப்பிடிக்கும்; சூடான நீரில் மேலும் விரைவாகத் துருப்பிடிக்கும். அதனைக் காக்கக் கண்ட வழி, எஃகின் உட்புறம் கண்ணாடியை உருக்கிப் பூசுவது. மில்வாக்கி நகரத்து ஏ. ஓ. ஸ்மித் நிறுவனம், பீர் வடிக்கும் தொட்டிகளுக்குக் கண்ணாடி பூசிய பழக்கத்தைக் கொண்டு, 1936இல் வெந்நீர்க் கலத்துக்கும் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றது. ஆனால் கண்ணாடிப் பூச்சில் ஊசிமுனை அளவேனும் விரிசல் இருந்தே தீரும். அவ்விடத்தில் துரு நுழையாமல் காப்பதற்கே, மிஸ்திரி என் கையில் கொடுத்த அந்தக் கோல்.

அதன் வரலாறு கடலில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்புறத்தில் வேய்ந்த செப்புத் தகடுகளை உப்புநீர் அரித்துவந்தது. அதைத் தடுக்கும் வழி கேட்டுக் கடற்படையினர் ஹம்ப்ரி டேவியை நாடினர். அவர் 1824இல் துத்தநாகமோ இரும்போ சிறிதளவு செம்புடன் இணைத்துவைத்தால், கடல்நீர் செம்பை விட்டு அவ்வுலோகத்தையே அரிக்கும் என்று மெய்ப்பித்தார். எளிதில் கரையும் உலோகம் தான் கரைந்து மற்றதைக் காக்கும் என்பதே அதன் தத்துவம். டேவியின் முறை செம்பைக் காத்தது மெய். ஆயினும் காக்கப்பட்ட செம்பின்மீது கிளிஞ்சலும் பாசியும் அடையடையாக வளர்ந்து கப்பல்களின் வேகம் குறைந்ததால், கடற்படை அதைக் கைவிட்டது! வெந்நீர்க் கலத்துக்குள் கிளிஞ்சல் வளர்வதில்லை யாதலால், அங்கே அம்முறை நிலைபெற்றது. இரும்புக் கம்பியின்மேல் மக்னீசியம் வார்த்த கோல் கலத்தினுள் நிற்கிறது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரைகிறது. ஆனோட் ராடு என்று கடைக்காரர் அதை அழைப்பர். அது உள்ளவரை எஃகு பிழைக்கும். அது தீர்ந்த நாளிலிருந்து எஃகின் முறை தொடங்கும்.

தில்லியின் பல பகுதிகளில் குழாய்க் கிணற்று நீர் கடினமானது. உப்பு மிகுந்த நீரில் கோல் விரைவாகக் கரைகிறது, சூடேற்றும் குழலின்மேல் சுண்ணமும் படிகிறது. கீசர் சூடாக நெடுநேரம் எடுக்கிறது என்று முறையிடுவோர் பலர் உண்மையில் சுண்ணாம்பைத்தான் சூடாக்கிக்கொண்டிருக்கிறார்கள். கோலின் விலை கலத்தின் விலையில் ஒரு சிறு பகுதி. ஈராண்டுக்கு ஒரு முறை அடிமூடியைத் திறந்து, கோலைப் பார்த்து, சுண்ணத்தைச் சுரண்டி எடுப்பது ஒரு மணி நேர வேலை. விற்பவர் இதனை உரக்கச் சொல்வதில்லை. ஏன் சொல்ல வேண்டும்? புதிய கலம் விற்பதன்றோ அவர் தொழில்! ஆயினும் ஒன்பது ஆண்டுகளில் ஒரு முறையேனும் கேட்காத என் குற்றமும் அதில் பாதி.

மாற்றுவது என்று முடிவான பின், எதை வாங்குவது என்பது பற்றி இல்லத்தில் ஒரு சிறு மாநாடே நடைபெற்றது. 25 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 1.16 யூனிட் மின்சாரம் வேண்டும். எந்த நிறுவனத்தின் கலமானாலும் இக்கணக்கு மாறாது. 2 கிலோவாட் கலம் அதற்கு முப்பத்தைந்து நிமிடம் எடுக்கும். கலத்துக்குக் கலம் வேறுபடுவது, சூடான நீர் சும்மா நிற்கும்போது இழக்கும் வெப்பமே. அவ்விழப்பைக் கொண்டே ஆற்றல் திறன் அமைவகம் நட்சத்திரக் குறி வழங்குகிறது. இவ்வமைவகம் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2002இல் நிறுவப்பட்டது. பழைய கீசர்களில் கண்ணாடிப் பஞ்சு திணித்த இடத்தில் இப்போது நுரைப் பொருள் நிரப்புகிறார்கள்.

கதிரவனை நாடலாம் என்றான் என் மகன். அதுவும் புதியதன்று, பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் 1891இலேயே சூரிய வெந்நீர்க் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். வில்லியம் பெய்லி 1909இல் வெயில் ஏற்கும் பகுதியையும் நீர் தேங்கும் கலத்தையும் பிரித்து, இரவிலும் வெந்நீர் கிடைக்கச் செய்தார். பெங்களூர் மாடிகளில் இன்று அவற்றைக் கண்டு மகிழலாம். அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் வாழும் எங்களுக்கு மொட்டை மாடி பொது; சனவரியின் மூடுபனியில் கதிரவனும் சில நாட்கள் தரிசனம் தருவதில்லை. எனவே மீண்டும் மின் கலமே வந்தது.

புதிய கலத்தைப் பொருத்திய அன்று மிஸ்திரியிடம் மூன்றைக் கேட்டுப் பார்த்தேன். பாதுகாப்பு வால்வின் கைப்பிடியைத் தூக்கி நீர் பீறிடுவதைக் காட்டினார். மின்வாயின் நிலத்தொடர்பைச் சோதனை விளக்கால் சோதித்தார். கோலை வெளியே எடுத்து, அதன் முழுப் பருமனைக் காணச் செய்து, மீண்டும் முடுக்கினார். பழைய எஃகுக் கலத்துக்குக் கபாடிவாலா கொடுத்தது ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாது. பரணில் இருக்கும் ஹமாமையும் எடைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. பேத்தி அதை இறக்கித் துலக்கிப் பால்கனியில் வைத்திருக்கிறாள். குழாயில் சொட்டு இல்லை. புதிய கலத்தின் அடியில், கோலை அடுத்துப் பார்க்க வேண்டிய ஆண்டையும் திங்களையும் அவளே அழியாத மையால் எழுதிவைத்தாள். தமிழ் எண்களில் எழுதட்டுமா என்று கேட்டாள், மிஸ்திரிக்கும் புரிய வேண்டுமே என்று வேண்டாம் என்றேன்.